தகப்பனார் பார்க்காத ஊர்

என் தகப்பனாருக்குச் சிதம்பரம் என்று பெயர். அறுபத்தெட்டு வருஷ காலம் அந்தப் பெயரோடு வாழ்ந்தார். ஆனால் சிதம்பரம் என்ற ஊரை அவர் ஒரு நாள்கூடக் கண்ணால் கண்டதில்லை.

இதில் என்ன ஆச்சரியம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். பழனி என்ற பெயருடையவர் எல்லோரும் பழனி மலை ஏறியவர்களா? காசி என்ற பெயருடையவர் எல்லோரும் கங்கையில் முழுகியவர்களா? அண்ணாமலை, அருணாசலம், வேங்கடம், குற்றாலம், மதுரை என்று ஊரின் பெயரையும் மலையின் பெயரையும் அப்படியே பிள்ளைக்கு இட்டு அழைப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். சுவாமியின் பெயரை இடுவது உலகெங்கும் உள்ளதுதான். சுவாமி இருக்கும் ஊரையே பெயராக்கி, திண்ணையில் விளையாடும் பிள்ளையை "ஏ, சிதம்பரம்! சாப்பிட வா!" என்று கூப்பிடுவதில் ஒரு தனி உரிமை இருக்கிறது.

மேல்நாட்டிலும் ஊர்ப் பெயர் இடுவதுண்டு. யுத்த களத்தில் காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்து புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820-இல் இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார்; ஆகையால் அந்தப் பெயர். முந்தின வருஷம் நேப்பிள்ஸ் நகரில் பிறந்த அவருடைய தமக்கைக்கு அந்நகரத்தின் பழைய கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப் என்பதையே இட்டார்கள். பெற்றோர் போய், பார்த்து, அங்கே பிள்ளை பெற்று, அதன் ஞாபகமாக வைத்த பெயர்கள் அவை. நம்முடைய வழக்கம் இதற்கு நேர் மாறானது. நம்மவர் இட்ட ஊர்ப் பெயர்களில் எத்தனையோ, ஊரைப் பார்த்தவர்கள் இட்டவை அல்ல. பார்க்க ஆசைப்பட்டவர்கள் இட்டவை.

என் பாட்டியார் கதை அப்படிப்பட்டதுதான். ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டுக் கிராமம் எங்களுடையது. பாட்டிக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்தபோது, "இது பிழைத்தால் சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறேன்" என்று நடராஜப் பெருமானுக்கு நேர்ந்துகொண்டாள். குழந்தை பிழைத்தது. ஆனால் இருநூறு மைலுக்கு மேல் பிரயாணம் செய்யப் பணம் ஏது? கடன்காரன் முதலில் அச்சாரம் கொடுத்து வைப்பதுபோல், அவள் அந்த ஊரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தாள். "பெயர் அச்சாரம், மீதியை அப்புறம் தீர்க்கலாம்" என்பது அவள் கணக்கு. மீதி தீராமலே பாட்டி போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெயருக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. 1872-இல் அதே ஒட்டப்பிடாரத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கும் சிதம்பரம் என்றே பெயரிட்டார்கள். அவர்தாம் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டி, அந்தக் குற்றத்துக்காகவும் பேசிய பேச்சுக்காகவும் 1908-இல் சிறை புகுந்து, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். எங்கள் ஊரில் ஒரு பையனுக்குச் சிதம்பரம் என்று பெயரிட்டால், ஒரு காதில் நடராஜரின் சிலம்பொலியும் மற்றொரு காதில் கப்பலின் ஊதலும் கேட்கும் என்று என் தகப்பனார் சொல்வார்.

அவர் மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். மார்கழித் திருவாதிரை வரும்போதெல்லாம் வீட்டில் களி கிண்டுவார்கள். களியைக் கையில் வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் கட்டாயம் போய்விடுவோம்" என்பார். அடுத்த வருஷம் என் படிப்புச் செலவு வரும். அதற்கடுத்த வருஷம் தங்கையின் கல்யாணம் வரும். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நந்தனாரைச் சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் என்று பாடினார். என் தகப்பனார் 'அடுத்த வருஷம் போவார்'. ஆறு வருஷங்களுக்கு முன் அந்த அடுத்த வருஷம் இல்லாமலே போயிற்று.

என் தாயார் பழைய காலத்து மனுஷி. கணவன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். இது நாட்டுப்புறத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் கணவன் பெயர் ஓர் ஊரின் பெயராகவும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அநேகர் யோசித்திருக்கமாட்டார்கள். அவளுக்கு அந்த ஊரின் பெயரும் சொல்லக்கூடாத பெயர் ஆகிவிட்டது. யாராவது சிதம்பர ரகசியம் என்று சொன்னால்கூட, அவள் அதை "அந்த ஊர் ரகசியம்" என்றுதான் திருப்பிச் சொல்வாள். வேறு யாராவது பிள்ளைக்கு அந்தப் பெயர் இருந்தால் "நம்ம ஐயா பேருக்காரப் பையன்" என்பாள். ரேஷன் கடையில் கணவன் பெயர் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள்.

நிற்க. சென்ற வருஷம் சென்னையில் உத்தியோகமாயிருக்கும் என் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. பேரன் பிறந்தால் தகப்பனார் பெயரை இடவேண்டும் என்று தாயார் காத்திருந்தாள். பிறந்தது பேத்தி. "ஐயா பேரு இதோட போச்சு" என்று அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். குழந்தையிடம் குறை இல்லை, மடியிலிருந்து இறக்கமாட்டாள். குறை பெயரைப் பற்றித்தான்.

தம்பி ஒரு பட்டியல் அனுப்பினான். எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்கள். பெரும்பாலானவற்றில் ஷகரமும் ஹகரமும் இருந்தன. அவற்றில் பாதிக்கு என்ன பொருள் என்று அவனுக்கே தெரியவில்லை. இருபது வருஷங்களுக்கு முன் நான் உபாத்தியாயராக வேலையில் சேர்ந்தபோது, என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பழனியும் ஓர் அண்ணாமலையும் இரண்டு சிதம்பரங்களும் இருந்தார்கள். இப்போது பதிவேட்டைத் திறந்தால் அந்த ஊர்களில் ஒன்றுகூட இல்லை. காலத்தோடு சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. காலையில் பெயர் கூப்பிடும்போதே பாதித் தமிழ்நாட்டைச் சுற்றி வந்த ஒரு சுகம் எனக்குப் போய்விட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

தாயாரின் மனக்குறைக்கு நான் தமிழ் வாத்தியார் என்ற முறையில் ஒரு சமாதானம் சொன்னேன். பேரன் என்பது பெயரன் என்ற சொல்லின் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். பேத்தி என்பதும் பெயர்த்தி என்பதிலிருந்து வந்ததுதான். பெயரைத் தாங்கும் பாத்தியதையைத் தமிழ் மொழி பெண்ணுக்கும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறது. "அப்படின்னா பொண்ணுக்கு ஐயா பேரை வைக்க முடியுமா?" என்று தாயார் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிவகாமி என்று வைக்கலாமே என்றேன். சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே இரண்டு சிவகாமிகள் இருந்தார்கள்.

பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே அவகாசம் இருந்தது. "முதல்லே பாட்டி நேர்ந்துக்கிட்டதைத் தீர்ப்போம், அண்ணே. பேரை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றான் தம்பி. அவர்கள் சென்னையிலிருந்து வருவதென்றும், நானும் தாயாரும் தெற்கேயிருந்து போவதென்றும் ஏற்பாடு.

திருச்சிராப்பள்ளி ரயில் நிலையத்தில் தாயாரை வரிசையில் நிறுத்திவிட்டு, நான் தண்ணீர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் அவள் முறை வந்துவிட்டது. "எந்த ஊருக்கு?" என்று கேட்டார் டிக்கெட் கொடுப்பவர். தாயார் சுற்றுமுற்றும் என்னைத் தேடினாள். காணோம். "ஐயா ஊருக்கு" என்றாள். "எந்த ஐயா?" என்றார் அவர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஓடிவந்து "சிதம்பரம்" என்றேன். தாயார் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தானும் சிரித்தாள். ஆனால் கும்பகோணம் வரையில் அவள் ஒன்றும் பேசவில்லை.

மாயவரம், சீகாழி தாண்டி, ரயில் கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. மணல் அகன்று கிடந்தது. நடுவில் ஒரு நீரோட்டம். நந்தனார் பிறந்த ஆதனூர் கொள்ளிடக் கரையில் உள்ளது என்று பெரிய புராணம் சொல்கிறது. அவரை நாளைப்போவார் ஆக்கியது தூரம் அல்ல. தூரம் ஒரு நாள் நடைதான். போனாலும் வாசலில் நிறுத்திவிடுவார்களே என்ற பயந்தான் அவர் காலைக் கட்டிப்போட்டது. அந்த வெட்கம் இந்த க்ஷேத்திரத்துக்கும் நமக்கும் வெகு காலம் இருந்தது. 1916-இல் சுவாமி சகஜானந்தர் இந்தச் சிதம்பரத்திலேயே தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காக நந்தனார் பெயரால் கல்விச் சாலை தொடங்கினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து, எல்லா இந்துக்களுக்கும் சட்டப்படி வாசல் திறந்தது. சிதம்பரத்தைப் பார்த்தால் முக்தி என்று சொல்லிக்கொண்டே பார்க்க வந்தவனைத் தடுத்த காலத்தை மறக்காமல் இருப்பதும் யாத்திரையின் ஒரு பகுதியே.

ரயில் வடகரையில் இறங்கியதும் வயல்களுக்கு மேலே கோபுரங்கள் தெரிந்தன. தாயார் எழுந்து நின்று கும்பிட்டாள்.

கோயிலைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சுமார் நாற்பது ஏக்கர் பரப்பு. நான்கு திக்கிலும் ஏழு நிலைக் கோபுரங்கள். கோபுர வாசலின் உட்சுவர்களில் பரத சாஸ்திரத்தின் நூற்றெட்டுக் கரணங்களையும் சிற்பமாக நிறுத்தியிருக்கிறார்கள். நடராஜர் சந்நிதிக்கு எதிரே ஓரிடத்தில் நின்றால், அந்தப் பக்கம் ஆடும் பெருமானையும் இந்தப் பக்கம் கோவிந்தராஜப் பெருமாளின் சந்நிதியையும் ஒருங்கே தரிசிக்கலாம். தில்லை கோவிந்தன் என்று சைவமும் வைஷ்ணவமும் கலந்த பெயர் பிறந்தது இப்படித்தான். அ. மாதவையா 1903-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலுக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

ஆனால் அன்று என் கவனமெல்லாம் பெயர்களில் இருந்தது. சிற்றம்பலம் என்னும் சிறிய சபை ஒன்று. அதற்குப் பராந்தக சோழன் பொன் வேய்ந்தான் என்று சரித்திரம் கூறுகிறது. அந்த ஒரே கூரைக்குக் கீழிருந்து எத்தனை பெயர்கள் புறப்பட்டிருக்கின்றன! சிற்றம்பலம், பொன்னம்பலம், அம்பலவாணன், கனகசபை, சபாபதி, சபாநாயகம், சபேசன், நடராஜன், ஆனந்தத் தாண்டவம், சிவகாமி, தில்லைநாயகி. இவற்றில் பொன்னம்பலமும் கனகசபையும் ஒரே பொருளுடையவை. ஒன்று தமிழ், மற்றொன்று சம்ஸ்கிருதம். சிதம்பரம் என்பதற்கே இரண்டு விதமாகப் பொருள் கூறுவர். சிற்றம்பலம் என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்பர் சிலர். சித் என்றால் ஞானம், அம்பரம் என்றால் ஆகாசம், ஆகவே ஞானாகாசம் என்பர் சிலர். பஞ்ச பூத ஸ்தலங்களில் இது ஆகாச ஸ்தலம் அல்லவா?

இந்தப் பெயர்கள் கடலும் கடந்தன. 1919-இல் இலங்கை தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவர் பொன்னம்பலம் அருணாசலம். தகப்பனார் பெயர் சிதம்பரத்துச் சபை. மகன் பெயர் திருவண்ணாமலை என்னும் அக்கினி ஸ்தலம். ஆகாசமும் நெருப்பும் ஒருவர் கையெழுத்தில் அடுத்தடுத்து நின்றன!

தம்பியும் அவன் மனைவியும், சம்பந்தி அம்மாளும் குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். பாட்டி நேர்ந்துகொண்டபடி, அவள் தூக்கி வரவேண்டிய பிள்ளைக்குப் பதிலாக அந்தப் பிள்ளையின் பேத்தியைச் சந்நிதியில் காட்டினோம். பிறகு ரகசியத் தரிசனம். தீக்ஷிதர் திரையை விலக்கினார். உள்ளே விக்கிரகம் ஒன்றும் இல்லை. தங்க வில்வ மாலைகள் மாத்திரம் தொங்கின. தீபத்தின் ஒளியில் அவை மின்னின. தாயார் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"உள்ளே என்னய்யா இருக்கு?" என்று என் காதோரம் கேட்டாள்.

"ஆகாசம் இருக்கு, அம்மா."

"இதைப் பார்க்கவா உங்க ஐயா அத்தனை வருஷம் ஆசைப்பட்டாங்க?"

நான் பேசாமல் இருந்தேன். அவள் மறுபடியும் ஒரு முறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அவங்களுக்காக நான் பார்த்துட்டேன்" என்றாள்.

மறுநாள் பிச்சாவரம் போனோம். ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அது ஒரு மரத்தின் பெயர். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுவதும் தில்லை வனமாக இருந்தது என்பார்கள். இப்போது அந்த மரத்தைப் பார்க்க இந்த உப்பங்கழிக்குத்தான் வரவேண்டும். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் கால்வாய்களில் படகு போயிற்று. இருபுறமும் சுரபுன்னை மரங்கள் வேர்களைக் கால்களைப்போல் நீரில் ஊன்றிக்கொண்டு நின்றன. நடுவே ஓரிடத்தில் படகோட்டி துடுப்பை நிறுத்தி, "அதோ, தில்லை" என்று காட்டினார். உயரமில்லாத மரம், பச்சை இலைகளுக்கு நடுவே உதிரப்போகும் இலைகள் செக்கச் செவேல் என்று சிவந்திருந்தன. தம்பி ஓர் இலையைப் பறிக்கக் கையை நீட்டினான். "தொடாதீங்க, தம்பி. பால் கண்ணிலே பட்டா பார்வை மறைச்சுடும்" என்று படகோட்டி தடுத்தார். கண்ணால் காண்பதே முக்தி என்ற ஊருக்குக் கண்ணைக் கெடுக்கும் மரத்தின் பெயர்!

அப்போது தாயார் குழந்தையின் முகத்தைத் திருப்பி, மரத்தைக் காட்டி, "அங்கே பாரு, தில்லை... தில்லை..." என்றாள். குழந்தை சிரித்தது. தாயார் சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"ஏய்யா, இதுவும் அந்த ஊர் பேருதானே?"

"ஆமாம், அம்மா. அந்த ஊருக்கு முதல் பேரே இதுதான்."

"இதை நான் சொல்லலாமே!"

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? பேரன் பிறந்து, அவனுக்குத் தகப்பனார் பெயரையே இட்டிருந்தாலும், அவளால் அவனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க முடியாது. "ஐயா பேருக்காரன்" என்றுதான் அழைத்திருப்பாள். அந்த விஷயம் எங்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

சம்பந்தி அம்மாளுக்கு இரண்டு ஆட்சேபங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'தில்லை, இல்லை' என்று பாட்டுக் கட்டுவார்கள் என்பது ஒன்று. அது உண்மைதான், இருபது வருஷ அனுபவத்தில் நான் அதை மறுக்க முடியாது. விஷப்பால் உள்ள மரத்தின் பெயரைப் பெண் குழந்தைக்கு வைக்கலாமா என்பது மற்றொன்று. இதற்குத் தம்பியின் மனைவியே பதில் சொன்னாள். "கண்டவங்க வந்து கையை வைக்காம இருக்கத்தானே மரம் அப்படி வெச்சிருக்கு? பொம்பளைப் பிள்ளைக்குக் கொஞ்சம் அதுவும் இருக்கட்டுமே, அத்தான்!" என்றாள் என்னைப் பார்த்து. படகோட்டி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். தம்பியின் பட்டியலைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஊருக்கு வந்தால் நேயர்கள் கோயிலோடு திரும்பிவிடாமல் இந்தக் கழிக்கும் ஒரு முறை போய்வர வேண்டும். ஊருக்கும் அத்தனை பெயர்களுக்கும் வேர் அங்கேதான் சேற்றில் நிற்கிறது.

திரும்பும்போது சிதம்பரம் ரயில் நிலையத்தில் இரண்டு திசைக்கும் பிரிந்தோம். சென்னை வண்டி முதலில் வந்தது. தம்பியின் மனைவி ஜன்னல் வழியாகக் குழந்தையைக் காட்டினாள். வண்டி நகர ஆரம்பித்ததும், என் தாயார் நடைமேடையில் நாலடி கூடவே நடந்து, வாய் நிறைய, "போயிட்டு வா, தில்லை! போயிட்டு வா!" என்று கூவினாள். நாற்பத்தைந்து வருஷங்களாக அவள் சொல்லாமல் வைத்திருந்த பெயர் அது.

அடுத்த வாரம் தம்பி பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைச் சேர்த்தான். "ஊர் பேர் கேட்கலைங்க, குழந்தை பேர் கேட்டேன்" என்றாராம் அங்கிருந்த குமாஸ்தா.